பிள்ளைக்கு ஜீவனாம்சமும் டிஎன்ஏ சோதனையும்: எங்கே தொடங்குவது, எப்போது சோதனை கேட்பது

"வக்கீலம்மா, அந்த டெஸ்ட்ட மட்டும் எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்ல?"

குடும்ப நல நீதிமன்ற வாசலில் இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் கிடையாது. கேட்பவர் சில நேரம் கைக்குழந்தையோடு வந்த பெண்ணாக இருப்பார். சில நேரம் அவருடைய அம்மா. சில நேரம், "இது என் பிள்ளையே இல்லை" என்று கொதித்துப்போய் வரும் கணவர். மூவருக்கும் என் பதில் ஒன்றுதான்: டெஸ்ட்டைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே எழுதுவது இந்தியச் சட்டத்தை, அதிலும் தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையை வைத்து.

முதல் படி: குழந்தை பிறந்தபோது தாய்க்குச் செல்லுபடியாகும் திருமணம் இருந்ததா?

இருந்தது என்றால் ஒரு பாதை, இல்லை என்றால் வேறு பாதை. இந்த இடத்தில் குழம்பினால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதே என்று சட்டம் முடிவான சான்றாக எடுத்துக்கொள்கிறது. திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போது பிறந்தாலும் அப்படியே. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இது பிரிவு 112. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 116. எண் மாறியிருக்கிறதே தவிர விதி பழையதுதான்.

இந்த அனுமானத்தை உடைக்கச் சட்டம் விட்டிருக்கும் கதவு ஒன்றே ஒன்று: கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவன் மனைவி கூடுவதற்கு வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கூடினார்களா என்பது கேள்வியே அல்ல, கூடும் வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. "ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஆனால் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை" என்பது இங்கே எடுபடாது. அந்தக் காலம் முழுக்க கணவர் துபாயில் இருந்தார், கடவுச்சீட்டில் வந்துபோன முத்திரை எதுவும் இல்லை என்றால் அது எடுபடும்.

ஆகவே மனைவியாக இருந்து பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணுக்கு டிஎன்ஏ சோதனை தேவையே இல்லை. திருமணப் பதிவு அல்லது திருமணத்துக்கான வேறு சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டும் போதும். "என் மேல் சந்தேகமா, நானே டெஸ்ட்டுக்குத் தயார்" என்று ரோஷப்பட்டு நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரோஷம் புரிகிறது. ஆனால் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் மிகப் பெரிய கவசத்தை நீங்களே கழற்றி வைக்கிறீர்கள் என்பதை வக்கீலிடம் ஒருமுறை பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருமணம் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு இந்த அனுமானம் கிடையாது. யார் தந்தை என்பதைத் தாய்தான் நிரூபிக்க வேண்டும். சோதனைக்கு உண்மையான வேலை இங்கேதான். முதல் மனைவி உயிரோடிருக்க, அதை மறைத்துச் செய்த இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளையும் பெரும்பாலும் இந்த வரிசையில் வைத்துத்தான் வழக்கை நடத்த வேண்டியிருக்கும். இந்து திருமணச் சட்டம் பிரிவு 16 அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படியானவர்கள் என்கிறது. ஆனால் அந்த ஆள் கல்யாணத்தையும் மறுத்து, பிள்ளையையும் மறுத்தால் நிரூபிக்கும் சுமை வந்து சேரத்தான் செய்யும்.

மூன்றாவதாக ஒரு சிக்கல் உண்டு: தாய்க்குக் கணவர் இருக்கிறார், ஆனால் குழந்தை வேறொருவருடையது என்று சொல்லி அந்த வேறொருவரிடம் ஜீவனாம்சம் கேட்பது. கேரளத்திலிருந்து போன இப்படியொரு வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. வேறொருவரோடு உறவு இருந்தது என்று காட்டினால் போதாது, கணவரோடு கூடும் வாய்ப்பு இல்லவே இல்லை என்று காட்ட வேண்டும். அதுவரை சட்டத்தின் கண்ணில் கணவர்தான் தந்தை என்றது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு குற்ற வழக்கிலும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த டிஎன்ஏ சோதனையை ஏறத்தாழ இதே காரணத்துக்காக ரத்து செய்தது. இந்த நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு மனுப் போடாதீர்கள். பிரிந்து வாழ்ந்ததற்கான ஆவணங்களை முதலில் தேடுங்கள்.

இரண்டாம் படி: ஜீவனாம்ச மனு

குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125 என்று எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 144. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு, அது திருமணத்தில் பிறந்ததோ இல்லையோ, வசதியுள்ள தந்தை பணம் கொடுத்தாக வேண்டும். மதம் பார்க்காத பிரிவு இது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே சொல்லிவிட்டது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 20 தனியாகவும் இருக்கிறது.

குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே மனு போட வேண்டும், இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவரிடம். குழந்தை சிறுவர் என்பதால் தாய் காப்பாளராக இருந்து குழந்தையின் பெயரில் போடுவார். இதைச் சிலர் கவனிப்பதில்லை. தாய்க்கு ஜீவனாம்சம் கிடைக்காத நிலையிலும், உதாரணமாகத் திருமணமே நடக்கவில்லை என்ற நிலையிலும், குழந்தையின் உரிமை தனியாக நிற்கும். மனுவில் குழந்தையைத் தனி மனுதாரராகச் சேர்த்திருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

திருமணமாகாத தாய் என்றால் மனுவோடு எதையெல்லாம் சேர்ப்பது? சேர்ந்து குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், பிரசவத்துக்குச் சேர்த்தபோது மருத்துவமனைப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து, அவர் கணக்கிலிருந்து வந்த பணப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு, புகைப்படம். பிரசவப் பதிவேட்டில் 'கணவர்' என்ற இடத்தில் அந்த ஆளே கையெழுத்திட்டிருந்தால், பல பக்க வாதத்தைவிட அது கனமானது. வாட்ஸ்அப் பதிவுகளை அச்சடித்து மட்டும் கொடுத்தால் போதாது, மின்னணுச் சான்றுக்காகப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். போனை மாற்றிவிடாதீர்கள், பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் எதற்கு, அதான் டெஸ்ட் இருக்கிறதே என்று நினைக்கலாம். டெஸ்ட்டுக்கு உத்தரவு வாங்குவதற்கே இவைதான் தேவை. முகாந்திரம் இல்லாமல் எந்த நீதிபதியும் ஒருவரை இரத்தம் கொடுக்கச் சொல்ல மாட்டார்.

மூன்றாம் படி: இடைக்கால ஜீவனாம்சம்

மனுவோடு சேர்த்தே இதையும் போட்டுவிடுங்கள். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சோதனை முடிவு வரும்வரை பிள்ளையின் பால் பாக்கெட் காத்திருக்க முடியாதே. திருமணத்தில் பிறந்த குழந்தை என்றால், "டிஎன்ஏ முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்ற எதிர்த்தரப்பு வாதத்தை வக்கீல் உடனே எதிர்க்க வேண்டும். இடைக்காலத் தொகையைத் தள்ளிப்போடுவதற்காகவே சோதனை மனு போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதலின்படி இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். "கூலி வேலை பார்க்கிறேன்" என்று வாயால் சொல்லித் தப்பிப்பது இதனால் கொஞ்சம் கடினமாகியிருக்கிறது.

நான்காம் படி: சோதனை கேட்கும் மனு

யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டதும் கிடைக்காது. 1993இல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இன்றும் நிற்கிறது: வழக்கமான நடைமுறை போல இரத்தச் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது, கிணற்றைத் தோண்டிப் பார்ப்போம், பூதம் வருகிறதா என்று துழாவும் விசாரணைக்கு இடமில்லை, கணவர் கேட்டால், கூடும் வாய்ப்பே இருக்கவில்லை என்பதற்கு வலுவான முகாந்திரம் காட்ட வேண்டும், உத்தரவால் குழந்தைக்கும் தாய்க்கும் என்ன நேரும் என்று நீதிபதி யோசித்துப் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையைக் கருவியாக்கக் கூடாது, தேவையில்லாமல் தன் பிறப்பு கேள்வியாக்கப்படாமல் இருப்பது குழந்தையின் உரிமை என்றது.

கணவர்கள் கொண்டுவரும் 'ஆதாரங்களில்' இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, இரத்த வகை. "எனக்கு ஓ பாசிட்டிவ், பிள்ளைக்கு பி பாசிட்டிவ், எப்படி மேடம்?" என்று ஒருவர் பள்ளி அடையாள அட்டையை நீட்டினார். மனைவிக்கு என்ன வகை என்று கேட்டேன். தெரியாது என்றார். விசாரித்ததில் அவருக்கு பி. அவ்வளவுதான் விஷயம். தாயிடமிருந்து பி வந்திருக்கிறது. இரத்த வகை சில சேர்க்கைகளில் ஒருவரை விலக்க உதவுமே தவிர, யாரையும் தந்தை என்று காட்டாது. விலக்குவதிலும் விதிவிலக்கு உண்டு. 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட அந்த அரிய இரத்த வகைக்காரர்கள் சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரிவார்கள், ஆனால் ஏ, பி மரபணுக்களைப் பிள்ளைக்குக் கடத்துவார்கள். அட்டையைப் பார்த்துக் குடும்பத்தைப் பிரிக்காதீர்கள்.

இன்னொன்று, இரகசியச் சோதனை. குழந்தையின் பல் துலக்கும் பிரஷை எடுத்து, இணையத்தில் வாங்கிய பெட்டியில் போட்டு அனுப்பி, வந்த முடிவை உறையில் வைத்துக்கொண்டு வருவது. அந்தப் பிரஷ் யாருடையது என்பதற்கே சாட்சி இல்லை. யார் எடுத்தது, யார் சீல் வைத்தது என்ற தொடர் அறுந்துபோன அறிக்கையை நம்பி நீதிமன்றம் தீர்ப்பு எழுதாது. ஆனால் அந்தக் காகிதம் ஒரு வீட்டை உடைக்கப் போதுமானது. அதை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு மனிதர் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நீதிமன்ற உத்தரவில் எடுத்த சோதனையில் அவர்தான் தந்தை என்று வந்தது. அந்த வீடு பழையபடி ஒட்டவில்லை.

சரி, திருமணமாகாத தாய் கேட்கும் மனுவுக்கு வருவோம். இங்கே சட்டத்தின் அனுமானம் குறுக்கே நிற்காது. சேர்ந்து வாழ்ந்ததற்கு ஓரளவு சான்று, எதிர்த்தரப்பின் மறுப்பு, வேறு வழியில் உண்மையைக் கண்டறிய முடியாத நிலை, இவை மூன்றும் மனுவில் தெளிவாக இருந்தால் உத்தரவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கட்டணத்தை யார் கட்டுவது என்பதையும் மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சோதனை கேட்டவர் தலையில்தான் விழும், ஆனால் வருமானமில்லாத தாய் என்றால் எதிர்த்தரப்பைக் கட்டச் சொல்லும்படி வேண்டலாம். விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் கேட்கலாம், குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

கருவில் இருக்கும்போதே பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கருவில் செய்யும் மரபணுச் சோதனை எந்தெந்த நோய்களுக்காக மட்டும் செய்யலாம் என்று 1994ஆம் ஆண்டு சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. தந்தை யார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிறக்கட்டும்.

ஐந்தாம் படி: மாதிரி எடுக்கும் நாள்

நீதிமன்றம் குறிப்பிட்ட இடத்துக்கு, குறித்த நாளில் தாய், குழந்தை, எதிர்த்தரப்பு மூவரும் போக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சென்னையில் உள்ள அரசு தடய அறிவியல் துறைக்கு அனுப்புவார்கள். ஹைதராபாத்தில் உள்ள மத்திய ஆய்வகங்களுக்குச் செல்லும் வழக்குகளும் உண்டு.

நீதிமன்ற உத்தரவு நகல், மூவரின் அடையாள அட்டை அசல், புகைப்படங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சில மில்லி இரத்தம் எடுப்பார்கள், அல்லது கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். இரண்டும் ஒரே முடிவைத்தான் தரும். உடலின் எல்லா இடத்திலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வெறும் வயிறு தேவையில்லை. அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்திருந்தாலோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அங்கே நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியது ஊசியை அல்ல, காகிதத்தை. குழாயில் ஒட்டிய சீட்டில் பெயர் சரியா? படிவத்தில் ஒட்டிய புகைப்படத்தில் இருப்பவர்தான் கையை நீட்டினாரா? மூவரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கினார்களா? உங்கள் கண்முன்னே சீல் வைத்தார்களா? ஆள் மாறாட்டம் செய்யப் பார்ப்பவர்கள் அண்ணனையோ நண்பனையோ அனுப்புவார்கள். அதனால்தான் இரு தரப்பும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் இருப்பது நல்லது. சங்கடமாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்தை எனப்படுபவர் இறந்துவிட்டால் அவருடைய பெற்றோரின் மாதிரியைக் கொண்டு ஒப்பிடலாம். ஆண் குழந்தை என்றால் தந்தைவழி ஆண்களிடம் மாறாமல் வரும் ஒய் குரோமோசோமை ஒப்பிடலாம். ஆனால் அது அந்தக் குடும்பத்து ஆண் என்று காட்டுமே தவிர, அண்ணனா தம்பியா என்று பிரித்துச் சொல்லாது.

ஆறாம் படி: அறிக்கையைப் படிப்பது

ஆய்வகம் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் நீளம் மாறுபடும் குறிப்பிட்ட இடங்களை, இன்றைய கருவிகளில் ஏறக்குறைய 15 முதல் 20க்கும் மேற்பட்ட இடங்களை, எடுத்து ஒப்பிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது.

ஓர் இடத்தில் குழந்தைக்கு 12, 15 என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு 12, 14. அப்படியானால் குழந்தையின் 12 தாயிடமிருந்து வந்தது, 15 தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு 15, 17 இருந்தால் பொருந்துகிறது. 11, 17 இருந்தால் பொருந்தவில்லை. அறிக்கையின் அட்டவணையில் மூன்று வரிசை எண்கள் இருக்கும். நீங்களே விரல் வைத்துச் சரிபார்க்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் பொருந்தாவிட்டால் உடனே "இவர் இல்லை" என்று முடிவு கட்டமாட்டார்கள். பரம்பரையில் இறங்கும்போது அபூர்வமாக ஓர் எண் பிசகும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தந்தை அல்லர், அதில் ஐயம் இல்லை. எல்லா இடத்திலும் பொருந்தினால், 99.99 சதவீதத்துக்கு மேல் என்று நிகழ்தகவு வரும். 100 என்று வராது. அந்த மீதியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் வாதங்களை நீதிபதிகள் பொருட்படுத்துவதில்லை. கவனிக்க வேண்டிய விதிவிலக்கு நெருங்கிய உறவு. சந்தேகம் அண்ணன் தம்பி இருவர் மேலும் இருந்தால் அதை ஆய்வகத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, அச்சு அசலான இரட்டையர் என்றால் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது.

இதுவும் நிபுணர் கருத்துதான். முடிவில் குறை இருப்பதாகத் தோன்றினால் ஆட்சேபம் போடலாம், ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம், தக்க காரணம் இருந்தால் வேறு ஆய்வகத்தில் மறுசோதனை கேட்கலாம்.

கொசுறாக ஒன்று: டிஎன்ஏ ரேகை நம் நாட்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததே இப்படியொரு ஜீவனாம்ச வழக்கில்தான் என்று சொல்லலாம். 1980களின் கடைசியில் கேரளத்தின் தலச்சேரியில் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டுத் தாய் தொடுத்த வழக்கு. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற மத்திய அரசின் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் செய்த சோதனையை 1991இல் கேரள உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஏழாம் படி: அவர் மறுத்தால்?

ஜீவனாம்ச வழக்குகளில் ஆளைப் பிடித்து வைத்து இரத்தம் எடுப்பதில்லை. உத்தரவு வந்தும் வர மறுத்தால், சோதனை நடந்திருந்தால் முடிவு தனக்குப் பாதகமாக வரும் என்று தெரிந்துதான் மறுக்கிறார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஏற்கெனவே கொடுத்த சான்றுகளோடு இந்த ஊகமும் சேரும்போது வழக்கு உங்கள் பக்கம் சாயும். இரண்டாம் படியில் வாடகை ஒப்பந்தத்தையும் பிரசவப் படிவத்தையும் தேடச் சொன்னது இதற்காகவும்தான். வெறும் ஊகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு வாங்குவது கடினம்.

வற்புறுத்தி எடுக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரப் பிரதேச முன்னாள் முதலமைச்சர் என்.டி.திவாரி மேல் மகன் ஒருவர் தொடுத்த வழக்கில், தேவைப்பட்டால் காவல்துறை உதவியோடு மாதிரி எடுக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2012 மே மாதம் டேராடூனில் அவர் வீட்டில் வைத்தே இரத்தம் எடுத்தார்கள். ஜூலையில் முடிவு வந்தது, அவர்தான் தந்தை. ஆனால் அது தந்தை யார் என்று நிலைநாட்டவே போட்ட உரிமையியல் வழக்கு. நம் ஊர் ஜீவனாம்ச மனுவில் அதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள்.

திருமண ஆசை காட்டி ஏமாற்றியதாகக் காவல் நிலையத்தில் குற்ற வழக்கும் இருந்தால், அங்கே கைதானவரிடம் மருத்துவப் பரிசோதனையின்போது டிஎன்ஏ மாதிரி எடுக்கத் தனி அதிகாரம் உண்டு. அந்த அறிக்கையின் நகலை ஜீவனாம்ச வழக்கிலும் தாக்கல் செய்ய முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். ஒரே சோதனையை இரண்டு முறை நடத்தும் செலவும் அலைச்சலும் மிச்சம்.

எட்டாம் படி: முடிவு வந்த பிறகு

தந்தை அல்லர் என்று வந்தால், 2014இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருமணத்தில் பிறந்த குழந்தைதான், ஆனால் ஏற்கெனவே நடந்துமுடிந்த சோதனை கணவர் தந்தை அல்லர் என்று காட்டிவிட்டது. சட்டத்தின் அனுமானமும் அறிவியல் உண்மையும் மோதினால் உண்மைக்கே இடம் என்று சொல்லி, குழந்தைக்கான ஜீவனாம்சத்தை நீதிமன்றம் நிறுத்தியது. அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. இதையும் 2023, 2025 தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: முடிவு கையில் வந்தபின் அதை ஒதுக்குவது கடினம், அதனால்தான் சோதனைக்கு உத்தரவிடும் கட்டத்திலேயே நீதிமன்றங்கள் இவ்வளவு தயங்குகின்றன. மனைவியாக இருக்கும் தாய், உத்தரவு வந்த அன்றே மேல்நீதிமன்றம் போவதா என்று யோசிக்க வேண்டும், மாதிரி கொடுத்த பிறகு அல்ல.

கருத்தரிப்பு மையத்தில் தானமாகப் பெற்ற விந்தணுவால் பிறந்த குழந்தை என்றால் டிஎன்ஏ பொருந்தாதுதான். அதைக் காட்டிக் கணவர் தப்ப முடியாது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகிச்சைக்குச் சம்மதித்த தம்பதிக்கே அது பிள்ளை. அன்று இருவரும் போட்ட ஒப்புதல் படிவம் பத்திரமாக இருக்கட்டும்.

தந்தைதான் என்று வந்தால் தொகை பற்றிய விசாரணை மிச்சம் இருக்கும். பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, வாடகை, எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்கிக் கொடுங்கள். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்பது 2020 வழிகாட்டுதல். தீர்ப்பில் அந்தத் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு. பாக்கி நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி கழியாது, பணத்தைக் கட்டியே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதத் தொகையும் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்று ஒரு கெடு இருக்கிறது. "போகட்டும், சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்" என்று இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு வருகிறவர்கள் பழைய பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் நிற்கிறார்கள். தீர்ப்பு நகல் வாங்கும் அன்றே காலண்டரில் பதினோராவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.